வயரும் இருந்தது, பாட்டும் வந்தது

"நல்லதுக்குத்தான் பண்ணினேன்னு எத்தனை தடவை சொல்றது—"

"பேசாத. பேச வேண்டிய நேரத்துல பேசல. இப்ப பேசாத."

"காதுல வாங்கு பாப்பா. ஒரு லைன் போனா இன்னொரு லைன் தாங்கிக்கும்னு—"

"பாப்பாவாம் பாப்பா! முப்பத்தஞ்சு வயசாச்சு எனக்கு. எனக்கே ஒரு பாப்பா இருக்கா. அவளுக்காகத்தான் காலையிலேருந்து இந்தக் கூத்து. அதுல கொண்டாந்து சொருகியிருக்க!"

சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தங்கை. நடுவில் அண்ணனின் லேப்டாப் திறந்து கிடந்தது. சற்று முன்புவரை அதில் நீதிபதியும் இரண்டு தரப்பு வக்கீல்களும் தெரிந்தார்கள். இப்போது இணைப்பு இல்லை என்ற ஒரு வரிதான். லேப்டாப்பின் இடப் பக்கத்தில் ஒரு நீல வயர் சொருகியிருந்தது. தங்கை அதைத் தொடக்கூட இல்லை. பாம்பைக் காட்டுவது போல விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"வைஃபை நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு? யார் கேட்டா உன்கிட்ட வயர்?"

"படம் மங்கலா வந்துச்சு. அறுந்துடப் போகுதேன்னு பயந்துட்டேன். ரெண்டும் சேர்ந்தா பலம்தானே?"

"கயிறா இது, ரெண்டைச் சேர்த்து முறுக்கறதுக்கு?"

அவன் அப்படித்தான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கீழே அவனுடைய பெயிண்ட் கடை. ஷட்டருக்கு இரண்டு பூட்டு. சட்டைப்பையில் இரண்டு போன். மூக்குக் கண்ணாடி ஒன்று கண்ணில், ஒன்று கழுத்தில். அதனால்தான் அவளுடைய கோபம் இன்னும் முட்டாள்தனத்தின் மேல் வரும் கோபமாகவே இருந்தது. அதற்கு மேல் போகவில்லை.

"நான் என்ன வேலை பாக்கறேன்னு தெரியுமா உனக்கு? இன்டர்நெட் கம்பெனியில போன் எடுக்கறேன். 'லைன் வரல, லைன் வரல'ன்னு ஊர்ல இருக்கறவன் எல்லாம் என்னைத்தான் திட்டறான். நானும் 'மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் மேடம்'னு வாங்கிக் கட்டிக்கறேன். அப்படிப்பட்டவ பக்கத்துல உக்காந்திருக்கேன். 'இதைச் சொருகட்டுமா'ன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கோர்ட்டு நடக்கும்போது பேசக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"ஆமா, சொன்னேன். ஆனா உன்னைக் கேட்டா பேசணும்னும் சொன்னேன்! அது மட்டும் மறந்துடுச்சு!"

அவன் பேச வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. கணவனைப் பிரிந்து வந்தவள் அவள். மகள் யாரிடம் வளர வேண்டும் என்பதை நீதிமன்றம் வீடியோவில் விசாரித்துக்கொண்டிருந்தது. தீர்ப்பு வரும் வரை குழந்தை தன் அப்பாவின் வீட்டில். அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டார்கள், சரி. பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டார்கள், அதுவும் சரி. கணவனின் வக்கீல் ஒன்றைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டார்: இந்த அம்மாவுக்குத் தங்க நிலையான இடம் ஏது? இன்றைக்கு அண்ணன் வீடு, நாளைக்கு எங்கே? நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நேராக அண்ணனைக் கேட்டார்: "உங்க தங்கையும் குழந்தையும் உங்க வீட்ல தொடர்ந்து இருக்க உங்களுக்குச் சம்மதமா?"

அங்கேதான் படம் நின்றது. அவள் ரௌட்டரைப் பார்க்க ஓடினாள், அணைத்தாள், போட்டாள், அதன் முன்னால் மண்டியிட்டு விளக்கு எரியக் காத்திருந்தாள். எல்லா விளக்கும் எரிந்தது. லைன் மட்டும் வரவில்லை. திரும்பி வந்து பார்க்கிறாள், லேப்டாப்பின் இடுப்பில் நீல வயர்.

போன் அடித்தது. வக்கீல் அம்மா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா இது, இப்படிப் பண்ணிட்டீங்க?"

"மேடம், லைன் கட்டாயிடுச்சு. வேணும்னு இல்ல—"

"எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியணுமே? கேள்வி கேட்டதும் உங்க அண்ணன் ஒரு பக்கமாக் குனிஞ்சார். அதோட படம் உறைஞ்சு போச்சு. திரையில அவரோட பாதி மண்டை மட்டும் நின்னுச்சு, ரொம்ப நேரம். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா? 'பதில் கிடைச்சுடுச்சு'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க."

அண்ணன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான்.

"நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருக்கேன். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவை கூப்பிடுவாங்க. இதுதான் கடைசி. இதுலயும் லைன் போச்சுன்னா அண்ணன் வாக்குமூலம் இல்லாமலே முடிச்சுடுவாங்க. அப்புறம் குழந்தை அங்கேயேதான். நான் சொல்லலன்னு சொல்ல வேண்டாம்."

போன் அணைந்தது. கீழே கடையில் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

"இந்த வயர் எங்கேருந்து வருது?" அவள் குரலைத் தாழ்த்தியிருந்தாள். கத்தியதைவிட அது மோசமாக இருந்தது.

"கடையிலேருந்து. கேமராவுக்கு."

"கேமரா வயர்ல நெட் வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கென்ன தெரியும்? கேமரா மாட்ட வந்த ஆள், இதைச் சொருகுங்க, கடை தெரியும்னான். சொருகறேன், தெரியுது. அதுக்கு மேல நான் என்ன இன்ஜினியரா?"

"இப்ப பாத்துக்கோ." வயரைப் பிடுங்கினாள். மூச்சு விடும் நேரத்தில் லைன் திரும்பி வந்தது; திரையின் மூலையில் தேங்கிக் கிடந்த செய்திகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. மறுபடி சொருகினாள். எல்லாம் செத்துப் போனது. "புரியுதா? அந்த ஆள் இந்த வயருக்கும் 'வெளியே போற வழி இது'ன்னு ஒண்ணை எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். வயரும் வைஃபையும் ஒண்ணா இருந்தா லேப்டாப்பு வயரைத்தான் நம்பும். எல்லாத்தையும் அந்தப் பக்கம் அனுப்பும். அந்தப் பக்கம் என்ன இருக்கு? உன் கடையோட நாலு கேமரா. நீதிபதி அங்கேயா உக்காந்திருக்கார், பிரைமர் டப்பா வாங்க வந்து?"

"சரிம்மா. தப்புதான். அடுத்த தடவை சொருகல. போதுமா?"

"பிடுங்கி அந்தப் பக்கம் போடு."

அவன் பிடுங்கவில்லை. வயரின் மேல் கை வைத்தபடி யோசித்தான்.

"அதுல ஒரு சிக்கல் இருக்கு."

"என்ன?"

"கடையில இருக்கறவர் புதுசு. வந்து ஒரு வாரம்கூட ஆகல. மதியம் நான் இங்கே உக்காந்துட்டா கீழே யார் பாக்கறது? கேமராவைப் பாத்துக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு மனசு நிக்கும். இந்த வயர் இருக்கட்டும். உனக்காகப் பதில் சொல்ற நேரத்துல மட்டும் எடுத்துட்டு—"

"ஒரு வார்த்தை சொல்ற நேரம் கடையைப் பாக்காம இருக்க முடியாதா உன்னால?"

"வியாபாரம்மா. உனக்குப் புரியாது."

"காலையில பாக்காம உக்காந்திருந்தியே?"

"காலையில கூட்டம் இல்ல."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நாற்காலியின் கால்கள் தரையில் கத்தின.

"தள்ளிக்கோ."

"என்ன பண்ணப் போற?"

"ரெண்டும் வேணும், அவ்வளவுதானே? ரெண்டையும் தரேன். அப்புறம் உன் வாயில வேற சாக்கு வரக் கூடாது."

அவள் தினமும் போனில் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான். தனக்காகச் செய்வது இதுவே முதல் தடவை. அமைப்புகளைத் திறந்தாள். வயருக்கு ஒரு பக்கம், வைஃபைக்கு ஒரு பக்கம். எதை முதலில் நம்புவது என்பதற்கு ஒரு எண் இருக்கும். எண் சிறியதாக இருந்தால் அதற்கே முதல் மரியாதை. யாரும் தொடாமல் விட்டால் லேப்டாப் தானாக வயருக்குத்தான் சின்ன எண்ணைக் கொடுத்து வைத்திருக்கும். வைஃபைக்குச் சின்ன எண்ணும் வயருக்குப் பெரிய எண்ணும் எழுதினாள். வயரின் பக்கத்தில் வெளியே போகும் வழி என்று எழுதியிருந்ததை அழித்தே விட்டாள். கேமராக்கள் அதே வயரில்தான் இருக்கின்றன, அவற்றைப் பார்க்க வெளியே போக வேண்டியதில்லை. விசைகளை அவள் தட்டிய தட்டில் மேசை ஆடியது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "உடைச்சுடாதம்மா. கடைக் கணக்கெல்லாம் அதுலதான் இருக்கு."

"லேப்டாப்பு உடையாது. உடையறது வேற எதாவது இருந்தா சொல்றேன்."

வயரைச் சொருகியே வைத்தாள். கேமராக்களைத் திறந்தாள். நாலு கட்டங்களில் கடை தெரிந்தது: ஒன்றில் கல்லா, ஒன்றில் அடுக்கிய டப்பாக்கள், ஒன்றில் வாசல், ஒன்றில் குலுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் புது ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அதன் பக்கத்திலேயே இன்னொரு ஜன்னலைத் திறந்து, லைன் தாங்குகிறதா என்று பார்க்க, கைக்கு வந்த ஒரு பாட்டை ஓட விட்டாள். பாட்டு ஓடியது. தடங்கல் இல்லை. வயரை எடுத்தாள், பாட்டு ஓடியது. சொருகினாள், பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"பாத்தியா? இனிமே இந்த வயரை நீ எத்தனை தடவை சொருகினாலும் லைன் போகாது."

அண்ணன் பாட்டைக் கேட்டான். முகத்தில் சந்தோஷத்துக்கான தடயமே இல்லை. "ம்" என்றான்.

துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். காலையிலிருந்து வீட்டில் நடக்கும் சத்தத்துக்குப் பயந்து ஈரம் காயும் முன்பே துணிகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். பாட்டுச் சத்தம் கேட்டதும் சண்டை முடிந்தது என்று நினைத்துவிட்டாள் பாவம்.

"அப்பாடா, ரெண்டு பேரும் பாட்டு கேக்கற அளவுக்கு ஆயிட்டீங்களா?" மேசையைப் பார்த்தவள் கூடையை இறக்கினாள். "அட! வயரு சொருகித்தானே இருக்கு?"

"ஆமா அண்ணி."

"கேமராவும் தெரியுது, பாட்டும் வருதே! எப்படிம்மா பண்ணின? இத்தனை நாளா உங்கண்ணனுக்குப் பாட்டு கேக்கணும்னா வயரைப் பிடுங்கணும், கடை பாக்கணும்னா சொருகணும். ராத்திரி சாப்பிட்டு முடிச்சா தினமும் இதே பாடுதான். 'ஏங்க, பாதிப் பாட்டுல நிறுத்தாதீங்க'ன்னு நான் கத்துவேன். 'வயரு சொருகினா நெட்டு நிக்கும்டி, என்ன பண்ணச் சொல்ற'ம்பாரு. சொருகிச் சொருகித்தான் அந்த ஓட்டையே லூசாயிடுச்சு, பாரு!"

அண்ணன் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

அண்ணி இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

தங்கை கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"தினமுமா அண்ணி?"

"தினமும்தான்… ஏம்மா?"

"நான் என்ன இன்ஜினியரான்னு கேட்டியே அண்ணா."

"பாப்பா—"

"அப்படிக் கூப்பிடாத!" மேசையில் அடித்தாள்; தண்ணீர் டம்ளர் சாய்ந்து உருண்டது, யாரும் பிடிக்கவில்லை. "தெரிஞ்சிருக்கு. சொருகினா நின்னுடும்னு தெரிஞ்சிருக்கு! பல்லு விளக்கற மாதிரி தினமும் பண்ற வேலை! நீதிபதி கேள்வி கேக்கறார், நீ குனியற. நான் போய் ரௌட்டர் முன்னாடி மண்டி போட்டு விளக்கைக் கும்பிட்டுக்கிட்டிருக்கேன். நீ இங்கே உக்காந்து பாத்துக்கிட்டிருக்க!"

"அப்படி இல்லம்மா. கை தானாப் போயிடுச்சு…"

"கை தானாப் போகுமா? வாய் மட்டும் தானா மூடிக்குமா?"

"வீடுன்னா எல்லாருக்கும் ஒத்து வரணும். நான் ஒருத்தன் சட்டுன்னு சொல்லிட முடியுமா…" அவன் கண் மனைவியின் பக்கம் போனது.

அண்ணி இடுப்பில் கை வைத்தாள். "எல்லாரும்னா யாருங்க? இந்த வீட்ல இருக்கறது நீங்களும் நானும்தான். என்னை ஏன் பாக்கறீங்க?"

"இல்ல, உனக்கும் ஒரு…"

"என் தலையில கட்டாதீங்க! அந்தப் பிள்ளைக்கு அலமாரியில ரெண்டு தட்டு காலி பண்ணி வெச்சிருக்கேன். ஜன்னலுக்குத் திரை தைச்சு மடிச்சு வெச்சிருக்கேன். நீங்கதான் அந்த அறையில ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடிச்சுட்டு, மிச்சம் மூணு சுவரை அப்படியே விட்டுட்டீங்க. கேட்டா, கலர் தீந்துடுச்சாம். பெயிண்ட் கடைக்காரர் வீட்ல பெயிண்ட் தீந்துடுச்சாம், கேட்டுக்கோ!"

தங்கை மெதுவாகத் திரும்பினாள். அந்த அறையில்தான் அவள் படுக்கிறாள். இளம் பச்சையில் ஒரு சுவர். மகள் போனில் கேட்ட நிறம். மாமாவே கலந்து எடுத்து வந்தார் என்று அவள் மகளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். மற்றச் சுவர்களை எப்போது அடிப்பார் என்று மகள் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்தின?"

அவன் கேமராக் கட்டங்களைப் பார்த்தான்.

"ஒரு சுவர் அடிச்சல்ல. அப்ப மனசு இருந்துச்சு. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? யார் என்ன சொன்னாங்க?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். விரல் நகங்களில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டினான்.

"கடைக்கு வர்ற ஒருத்தர். மேஸ்திரி. விவரமானவர். 'கோர்ட்ல தொடர்ந்து இருக்கலாம்னு வாயால சொன்னீங்கன்னா அது பதிஞ்சுடும் முதலாளி, நாளைக்கு வீட்ல பாதி அவங்களுதுன்னு ஆயிடும்'னார். அப்பா கட்டின வீடுதானே இது. உயில் கியில்னு எழுத்துல ஒண்ணும் கிடையாது. எனக்கும் பயம் வந்துடுச்சு."

"பாதி கேட்டேனா நான்?"

"நீ கேட்டேன்னு சொல்லல…"

"பாதி கேட்டேனாடா?" தம்பியைக் கேட்பது போல 'டா' வந்து விழுந்தது. அவளே அதைக் கவனிக்கவில்லை. "அறை வேணும்னுகூட நான் கேக்கல. நீதான் போன் பண்ணி 'கிளம்பி வா, நான் இருக்கேன்'னு சொன்ன. பஸ்ஸை விட்டு இறங்கினதும் என் ரெண்டு பெட்டியையும் நீதான் தூக்கின. ஒண்ணையாவது கொடுன்னேன், கொடுக்கல. தெருவே பாத்துச்சு! அப்ப பயமில்ல. தெருவுல சொல்றதுக்குப் பயமில்ல, கோர்ட்ல சொல்றதுக்குப் பயம்!"

"வீட்ல எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன் பாப்பா. உனக்கு நான் இல்லாம வேற யாரு? நீ சாகற வரைக்கும் இங்கேயே இரு. அங்கே போய்ச் சொல்லணும்கறதுதான்…"

"இங்கே சொன்னா யாருக்குக் கேக்கும்? உன் நாலு கேமராவுக்கா?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"பயம்னா நேரா சொல்லியிருக்கணும். 'என்னால முடியாது, வேற வழி பாரு'ன்னு சொல்லியிருந்தா நான் வாடகைக்கு ஒரு வீடு பாத்திருப்பேன். வக்கீலம்மாகிட்ட அதைச் சொல்லியிருப்பேன். அடி விழுந்தாலும் நேரா விழுந்திருக்கும். நீ என்ன பண்ணின? இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. ஒரு வயரைச் சொருகிட்டு, பழியை லைன் மேல போட்டுட்டு உக்காந்துட்ட. 'ரெண்டும் சேர்ந்தா பலம்'! அதை வேற நான் நம்பினேன். நம்பிட்டு, முட்டாள்னு மட்டும் திட்டினேன். முட்டாளா இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!"

"ஏங்க," அண்ணியின் குரல் தணிந்திருந்தது, "அந்த மேஸ்திரி சொன்னது நிஜமான்னாவது அந்த வக்கீலம்மாவைக் கேட்டீங்களா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"அதுவும் கேக்கல." அண்ணி துணிக்கூடையை எடுத்துக்கொண்டு ஒரு சுவர் மட்டும் பெயிண்ட் அடித்த அந்த அறைக்குள் போனாள். இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டது.

கீழே குலுக்கும் இயந்திரம் நின்றது. புது ஆள் யாருக்கோ மீதிச் சில்லறை கொடுப்பது முதல் கட்டத்தில் தெரிந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை கேமரா ஜன்னலை மூடவில்லை. ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தாள். சொன்ன பேச்சு மாறாமல் அவன் கேட்ட கடையை அவன் கண்ணெதிரிலேயே விட்டு வைத்தாள்.

போனில் வக்கீல் அம்மாவின் செய்தி வந்தது: கூப்பிடுகிறார்கள், உள்ளே வாங்க.

அவள் கவிழ்ந்த டம்ளரை நிமிர்த்தினாள். முந்தானையால் மேசையைத் துடைத்தாள். காலையில் சீவிய தலையை ஒரு தடவை கையால் அமுக்கிவிட்டுக்கொண்டு நாற்காலியை அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். திரையில் அவர்கள் இருவரும் சிறிதாகத் தெரிந்தார்கள்: சிவந்த கண்ணோடு ஒருத்தி, கழுத்தில் ஒன்றும் கண்ணில் ஒன்றுமாக இரண்டு கண்ணாடியோடு ஒருவன். கீழே, உள்ளே நுழைவதற்கான பட்டன்.

அவன் கை மேசை ஓரமாக நகர்ந்தது. நீல வயரைத் தொட்டது. சொருகித்தான் இருந்தது. பிடுங்கினாலும் ஒன்றும் ஆகப் போவதில்லை. கை அங்கேயே நின்றது.

அவள் அதைப் பார்த்தாள். பட்டன் மேல் விரலை வைத்தாள், அமுக்கவில்லை.

"வயரும் ஓடுது, வைஃபையும் ஓடுது. இனிமே எதுவும் அறுந்து போகாது. அவர் அங்கே கேக்கறதுக்கு முன்னாடி நான் இங்கே கேக்கறேன். சம்மதமா, அண்ணா?"